வாகன நிறுத்துமிடத் தரைப்பாவல்

வாகன நிறுத்துமிடத் தரைப்பாவல் என்பது, கார் நிறுத்துவதற்காகக் கட்டப்பட்ட இடத்தைச் சுவர் எழுப்பி அறையாக மாற்றும்போது, அங்கு முன்பே உள்ள கான்கிரீட் தளத்தின் மேல் புதிய தரை அமைக்கும் பணியைக் குறிக்கும். வீட்டின் பிற அறைகளுக்குத் தரை அமைப்பதற்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. நிறுத்துமிடத்தின் தளம் வண்டியின் எடையைத் தாங்குவதற்கும், மழைநீரையும் வண்டி கழுவும் நீரையும் வெளியே வடிப்பதற்கும் அமைக்கப்படுவதாகும். அது தெருவை ஒட்டித் தாழ்வாக இருக்கும். வாயிலை நோக்கிச் சரிந்திருக்கும். பெரும்பாலும் அதன் அடியில் ஈரத்தடுப்பு இருக்காது.

ஆகவே எந்த ஓடு, எந்த நிறம் என்ற வினா இப்பணியில் கடைசியாக வரவேண்டியது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம், தெருமட்டத்திற்கும் தரைக்கும் உள்ள உயர வேறுபாடு, தரைக்கும் கூரைக்கும் இடையே எஞ்சும் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து பார்த்தாலே, கடையில் கிடைக்கும் பொருள்களில் பாதிக்கு மேல் தாமாக விலகிவிடும். இக்கட்டுரை சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான ராஜகீழ்ப்பாக்கத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

இடப் பின்னணி

ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம் – வேளச்சேரி சாலையில் சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் இடையே அமைந்துள்ளது. முன்னர் செம்பாக்கம் நகராட்சியில் இருந்த இப்பகுதி, 2021 ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைந்தது. இங்குள்ள மனைகள் பெரும்பாலும் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) அல்லது அதற்கும் குறைவான அளவின. தனி வீடுகளில் முன்புறமோ பக்கவாட்டிலோ கார் நிறுத்துமிடம் விடப்படும். அடுக்குமாடிக் கட்டடங்களில் கீழ்த்தளம் முழுவதும் தூண்கள் மட்டுமே நிற்கும் ஸ்டில்ட் தளமாக இருக்கும்.

இவ்விடங்கள் அறைகளாக மாறுவதற்குரிய காரணங்கள் பலவாகும். படியேற இயலாத பெற்றோருக்குத் தரைமட்டத்தில் ஓர் அறை தேவைப்படுவது அவற்றுள் முதன்மையானது எனலாம். தனிப்பயிற்சி வகுப்பு, சிறு மருத்துவமனை, தையற்கடை, வீட்டிலிருந்து பணிபுரிவோருக்கான அலுவலறை ஆகியவை அடுத்து வருகின்றன. கட்டடத்தின் மிகத் தாழ்ந்த, மிக ஈரமான இடமே வீட்டில் மிக முதிய உறுப்பினரின் படுக்கையறையாக மாறுகிறது என்பது இங்குக் கவனத்திற்குரியது.

இப்பகுதி ஏரிகள் நிறைந்தது. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றும் தன் பெயரால் ஓர் ஏரியைக் கொண்டுள்ளன. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரியை அடைந்து, அங்கிருந்து வேறு ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்கிறது. நிலத்தின் அடியில் உள்ளது சார்னோக்கைட்டு எனும் கடினப்பாறை. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் இப்பாறைக்கு, கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலந்து எனும் நிலவியலாளர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரைச் சூட்டினார். பாறையின் மேற்பகுதி சிதைந்து மண்ணாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது அம்மண்ணில் இறங்கும் நீர் பாறையைத் தாண்டி எளிதில் கீழே செல்வதில்லை. எனவே நீர்மட்டம் விரைவாக மேலெழுகிறது. கோடையில் உலர்ந்து கிடக்கும் அதே மனையில், நவம்பரில் ஓரிரு அடி தோண்டினாலே நீர் ஊறுவதை ஏரியை ஒட்டிய தெருக்களில் காணலாம்.

அனுமதி

ஸ்டில்ட் தளம் வண்டி நிறுத்துவதற்கு மட்டும் பயன்படும் வரையில், தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இச்சலுகையை வழங்குகின்றன. அதைச் சுவர் எழுப்பி அறையாக்கினால் சலுகை நீங்குவதோடு, கட்டட அனுமதிக்கு மாறான பயன்பாடாகவும் அது கருதப்படும். 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இத்தகைய மாற்றங்களின்மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரம் அளிக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் நிறுத்துமிடம் பிற உரிமையாளர்களின் உரிமையோடும் தொடர்புடையது. எனவே தரைக்கான செலவைத் தொடங்கும் முன் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று அறிந்துகொள்வது இன்றியமையாதது. எவ்வளவு சிறந்த தரையும் பூட்டி முத்திரையிடப்பட்ட அறைக்குள் பயன்படாது.

நிறுத்துமிடத் தளத்தின் அமைப்பு

புறநகர்த் தனி வீடுகளில் நிறுத்துமிடத் தளம் பொதுவாகப் பின்வருமாறு அமைகிறது. அடியில் கிராவல் மண்ணோ கல்குவாரித் தூளோ கொட்டிக் கெட்டிப்படுத்துவர். அதன்மேல் சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றை 1:4:8 விகிதத்தில் கலந்து ஏறத்தாழ 10 செ.மீ. கனத்திற்குக் கான்கிரீட் இடுவர். மேற்பரப்பில் சிமெண்டுப் பூச்சோ, சொரசொரப்பான பார்க்கிங் டைல்சோ இருக்கும். கம்பி இராது. கான்கிரீட்டின் அடியில் பாலித்தீன் விரிப்பு போடும் வழக்கம் இங்கு அரிது.

இத்தளம் மண்ணின்மேல் படுத்திருப்பது. தூண்களோ அடித்தளத்தின்மேல் நிற்பவை. நிரப்பிய மண் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி இறங்கும்போது தளமும் உடன் இறங்குகிறது, தூண் இறங்குவதில்லை. தூண்களைச் சுற்றிச் சதுரமாக விரிசல் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும். இவ்விரிசலின் குறுக்கே ஓட்டை ஒட்டினால் ஓடும் அதே கோட்டில் உடையும். தூணைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டு, அதை நெகிழ்வான நிரப்பியால் அடைப்பதே முறை.

ஈரம்

கான்கிரீட் கல்லைப் போலத் தோன்றினாலும் உள்ளே நுண்புழைகள் நிறைந்தது. ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு (50 கி.கி.) 30 லிட்டர் நீர் சேர்த்தால், அதில் ஏறத்தாழ 12 லிட்டர் மட்டுமே சிமெண்டுடன் வேதிமுறையில் பிணைகிறது. எஞ்சிய நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்குகிறது. மறுபகுதி வெளியேறிய வழிகள் நுண்புழைகளாக நின்றுவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் டி. சி. பவர்ஸ் 1950களில் நிறுவியபடி, நீர்–சிமெண்டு எடை விகிதம் ஏறத்தாழ 0.7 ஐத் தாண்டினால், எவ்வளவு நாள் நீர் ஊற்றிப் பதப்படுத்தினாலும் இப்புழைகள் முழுதும் அடைபடுவதில்லை. 1:4:8 கலவையைக் கையால் கலக்கும்போது இவ்வரம்பு எளிதில் கடக்கப்படுகிறது. எனவே நிறுத்துமிடத் தளம் அடியிலுள்ள மண்ணின் ஈரத்தை நுண்புழை ஏற்றத்தால் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும்.

தளம் திறந்து கிடக்கும்வரை இது யாருக்கும் தெரிவதில்லை. ஏறும் ஈரம் காற்றில் ஆவியாகிவிடுகிறது. சுவர் எழுப்பி, கதவிட்டு, தரையின்மேல் நீர் புகாத ஒன்றைப் பரப்பியவுடன் அந்த ஈரம் அடியில் சிக்கிக்கொள்கிறது. கான்கிரீட்டின் உள்நீர் கடுமையான காரத்தன்மை உடையது. அது பசைகளை இளக்கும். மரத்தூள் பலகையை உப்பச் செய்யும். மண்ணிலிருந்து கொண்டுவரும் உப்புகளை விளிம்புகளில் வெண்பொடியாகப் படிய வைக்கும். சுவரின் அடியில் சுண்ணாம்பு உதிர்வதை வண்ணப்பூச்சின் குறை என்று எண்ணி ஆண்டுதோறும் பூசுவோர் உளர். குறை பெரும்பாலும் தரையிலும், ஈரத்தடுப்பு இன்றித் தளத்தின்மேல் நேரடியாக எழுப்பிய புதுச்சுவரிலும் இருக்கிறது.

சோதனைகள்

மிக எளிய சோதனை, பாலித்தீன் தாள் சோதனையாகும். ஏ.எஸ்.டி.எம். டி 4263 எனும் அமெரிக்கச் சீர்தரம் இதை விவரிக்கிறது. ஏறத்தாழ 45 செ.மீ. சதுரமான தெளிந்த தாளைத் தளத்தின்மேல் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணிநேரம் விடவேண்டும். தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அடியில் கான்கிரீட் கருத்திருந்தாலோ ஈரம் தளத்திலிருந்து வருகிறது என்பது பொருள். தாளின் மேற்பக்கம் நனைந்து அடிப்பக்கம் உலர்ந்திருந்தால், அது காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்தது. சென்னையில் தரை வியர்த்தல் என்று கூறுவது இதுவே. முன்னதற்கு ஈரத்தடுப்பு வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டம் போதும்.

இச்சோதனையைச் செய்யும் காலம் முக்கியமானது. மே மாதத்தில் செய்து ஈரம் இல்லை என்று முடிவு செய்வது, ஏரி வறண்டிருக்கும்போது வெள்ளம் வராது என்று முடிவு செய்வதற்கு ஒப்பாகும். மழைக்காலத்தின் நடுவில் அல்லது அது முடிந்த உடனே, அறையின் மூன்று நான்கு இடங்களில் செய்வதே பயனுள்ளது. தாள் உலர்ந்திருப்பது பாதுகாப்புக்கு முழுச் சான்றும் ஆகாது. பசையால் ஒட்டும் தரைகளுக்கு அளவிடும் சோதனை தேவை.

கால்சியம் குளோரைடு சோதனையில், மூடிய கிண்ணத்தின் கீழ் வைத்த உப்பு எவ்வளவு ஈரத்தை உறிஞ்சியது என்று எடை பார்க்கப்படும். அமெரிக்காவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வரம்பு, 1,000 சதுர அடிக்கு ஒரு நாளில் 3 பவுண்டு, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிராம். 3 மீ × 6 மீ அறைக்கு இது நாளொன்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சற்று மேல். அனுமதிக்கத்தக்க மிகுந்த அளவே இவ்வளவு என்றால், ஈரத்தடுப்பில்லாத தளம் மழைக்காலத்தில் எவ்வளவு நீரை மேலே அனுப்பும் என்று எண்ணிப் பார்க்கலாம். மற்றொரு முறையில், தளத்தின் கனத்தில் 40 விழுக்காடு ஆழத்திற்குத் துளையிட்டு உள்ளே ஒப்பு ஈரப்பதம் அளக்கப்படும். வினைல் போன்ற தரைகளுக்கு 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவு பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

உயரக் கணக்கு

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கட்டடத்தின் பீடமட்டம் (சென்னைக் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்பர்) சுற்றியுள்ள நிலத்திலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. மூடிய வாகன நிறுத்துமிடங்களுக்கு 15 செ.மீ. போதும். அதேபோல், மனிதர் வாழும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டராகவும், நிறுத்துமிடத்தின் உயரம் குறைந்தது 2.4 மீட்டராகவும் இருக்கவேண்டும். நிறுத்துமிடத்தை அறையாக மாற்றுவோர் சந்திக்கும் இடர்ப்பாடு முழுவதும் இந்த நான்கு எண்களுக்குள் அடங்கியுள்ளது.

எடுத்துக்காட்டாக, தெருவிலிருந்து 15 செ.மீ. உயர்ந்த தளமும், அதிலிருந்து 2.70 மீட்டர் உயரத்தில் கூரையும் உள்ள ஒரு நிறுத்துமிடத்தைக் கொள்வோம். தரையை 45 செ.மீ. மட்டத்துக்கு உயர்த்த 30 செ.மீ. நிரப்பவேண்டும். அப்போது அறையின் உயரம் 2.40 மீட்டராகக் குறையும். மின்விசிறியை 30 செ.மீ. கீழே தொங்கவிட்டால் அதன் இறக்கைகள் 2.10 மீட்டரில் சுழலும். நெட்டையான ஒருவர் சட்டை மாட்டக் கையை உயர்த்துவதே ஆபத்தாகிவிடும். தரையை உயர்த்தாமல் விட்டால், தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும் நாளில் அது கட்டிலின் சட்டத்தை எட்டும். இரண்டு விதிகளையும் நிறைவு செய்யவேண்டுமானால் தொடக்கத்திலேயே 3.05 மீட்டர் உயரம் இருந்திருக்கவேண்டும். தரைப்பாவலின் கனத்தையும் கூட்டினால் அதற்கும் சற்று மேல்.

தளத்தின் சரிவும் இக்கணக்கில் சேரும். 60 க்கு 1 என்ற சரிவில் 5.4 மீட்டர் நீளமுள்ள தளம், வாயிற்பக்கம் 9 செ.மீ. தாழ்ந்திருக்கும். வீட்டுப்பக்கம் 5 செ.மீ. கனத்தில் தொடங்கும் சமன்படுத்தும் காரை, வாயிற்பக்கம் 14 செ.மீ. ஆகும். இவ்வளவையும் சிமெண்டுக் காரையால் நிரப்புவது செலவு மிகுந்தது. காரை சுருங்கி விரிசலும் விடும். தாழ்ந்த பகுதியில் முதலில் கான்கிரீட்டு இட்டு அதன்மேல் காரை இடுவது நன்று.

தெருமட்டம் நிலையானதன்று என்பதையும் கருதவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் புதிய அடுக்கு இடுவதால் சென்னையின் பல தெருக்கள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை இடவேண்டும் என்று 2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. ஆயினும் அதற்கு முன் உயர்ந்த சாலைகள் உயர்ந்தவையே. வீட்டையே ஜாக்கிகளால் தூக்கி அடித்தளத்தை உயர்த்தும் தொழில் சென்னையில் வளர்ந்ததற்குப் பின்னணி இதுதான்.

2015 ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று காலை முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்நாளின் நீர் ஒவ்வொரு தெருவிலும் எவ்வளவு நின்றது என்பதை அக்கம்பக்கத்தார் இன்றும் கதவையோ மின்கம்பத்தையோ தொட்டுக் காட்டுவர். தரைமட்டத்தைத் தீர்மானிக்க எந்த வரைபடத்தையும்விட இக்குறி பயனுள்ளது. அக்குறிக்குக் கீழே அமையும் தரையில் படுக்கையறை அமைப்பதைத் தவிர்த்து, பகலில் மட்டும் பயன்படும் அறையாக வைத்துக்கொள்வதே பொருத்தம். நள்ளிரவில் நீர் ஏறும்போது, தாமே எழுந்து படியேற முடியாதவர் உறங்கும் இடமாக அது இருக்கக்கூடாது.

தொட்டிகளும் மூடிகளும்

இப்பகுதி வீடுகளில் நிலத்தடி நீர்த்தொட்டியான சம்ப்பும், பல வேளைகளில் செப்டிக் தொட்டியும் கார் நிறுத்துமிடத்தின் அடியிலேயே கட்டப்பட்டிருக்கும். மனை சிறியதாதலால் வேறு இடம் இருப்பதில்லை. அறையாக மாற்றும்போது இவற்றின் மூடிகள் அறைக்கு நடுவே வந்துவிடுகின்றன. பார்வைக்கு நன்றாக இல்லை என்று மூடியின்மேல் ஓடு பாவி மறைத்துவிடுவது, இம்மாற்றங்களில் நிகழும் மிக ஆபத்தான தவறாகும்.

செப்டிக் தொட்டியில் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வளிகள் உருவாகின்றன. முன்னது தீப்பற்றக்கூடியது, பின்னது மிகுந்தால் உயிரைப் பறிப்பது. திறந்த நிறுத்துமிடத்தில் மூடியின் இடுக்கு வழியே கசிந்தாலும் காற்றில் கலந்துவிடும். அடைத்த அறைக்குள் அவ்வாறு கலக்க இடமில்லை. தொட்டியை வெளியே மாற்றுவதே சரியான தீர்வு. அது இயலாவிடில் அங்கு உறங்கும் அறை அமைக்கும் எண்ணத்தைக் கைவிடவேண்டும். மேலும், தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் ஊர்தியின் குழாய் சென்றடைய வழி வேண்டும். தொட்டிக்குள் மனிதரை உரிய பாதுகாப்பின்றி இறக்குவதை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. வழியற்ற இடத்தில் தொட்டியை அடைத்து வைப்பது, பின்னொரு நாளில் யாரையேனும் அவ்வாறு இறங்கத் தூண்டுவதாகும்.

சம்ப்பைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. ஓடு பதிக்கும் பள்ளத்துடன் கூடிய இரும்புச் சட்ட மூடிகள் கிடைக்கின்றன. தரையை உயர்த்தும்போது சம்ப்பின் வாயையும் செங்கல் கட்டி அதே அளவு உயர்த்தவேண்டும். இல்லையேல் தரை கழுவும் நீர் குடிநீரில் கலக்கும்.

ஈரத்தடுப்பு

சோதனையில் ஈரம் தெரிந்தால், பழைய தளத்தின்மேல் 250 மைக்ரான் (1000 கேஜ்) கனமுள்ள பாலித்தீன் விரிப்பை, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 15 செ.மீ. மேற்படியும்படி விரித்து, விளிம்புகளைச் சுவரின்மேல் மடித்து ஏற்றி, அதன்மேல் காரை இடலாம். இக்காரை அடித்தளத்தோடு ஒட்டாது என்பதால் குறைந்தது 5 செ.மீ. கனம் வேண்டும். உயரம் பற்றாக்குறையாக இருந்தால், தளத்தைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி இரண்டு கோட் எப்பாக்சி ஈரத்தடுப்பு பூசி, இரண்டாவது கோட்டு ஈரமாக இருக்கும்போதே மணல் தூவுவர். மணல் பின்னர் ஓட்டுப் பசைக்குப் பிடிப்பளிக்கும். விலை மிகுதி, ஆனால் ஓரிரு மில்லிமீட்டரே உயரும்.

ஈரத்தடுப்பு செய்யப்பட்ட தரையில் ஈரம் மறைந்துவிடுவதில்லை. அது பக்கவாட்டில் சுவரை நோக்கித் திரும்புகிறது. ஆகவே விரிப்பைச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கோடு இணைப்பது இன்றியமையாதது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இத்தகைய மாற்றங்களில் தரைக்கடியில் வெப்பக்காப்புப் பலகை இடுவது வழக்கம். அங்கு வெளியான கையேடுகளைப் படித்து அதையே இங்கும் செய்யவேண்டியதில்லை. சென்னையில் நிலத்தின் வெப்பநிலை ஓராண்டின் சராசரிக் காற்று வெப்பநிலையான 28–29 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மே மாதத்தில் காற்று 40 பாகையை எட்டும்போது வெறுங்காலுக்குத் தரை தரும் குளிர்ச்சி இதனால் கிடைப்பதே. காப்புப் பலகை அதைத் தடுத்துவிடும்.

பாவும் பொருள்கள்

விட்ரிஃபைடு ஓடுகள் இன்று மிகப் பரவலாகப் பயன்படுபவை. இந்தியாவில் பெரும்பாலானவை குஜராத்தின் மோர்பியில் உற்பத்தியாகின்றன. நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் ஈரத்தால் இவை கெடுவதில்லை. வெள்ளம் வந்து வடிந்தாலும் கழுவிப் பயன்படுத்தலாம். ஆனால் அதே பண்பினால் சாதாரணச் சிமெண்டுப் பால் இவற்றின் அடியில் பற்றுவதில்லை. சாதாரண செராமிக் தரை ஓடுகள் சற்று உறிஞ்சுபவை. சிமெண்டுக் காரையோடு நன்கு பிணையும். சிறிய, அடிக்கடி நனையும் அறைக்கு இவையே போதுமானவை, விலையும் குறைவு.

ஆத்தங்குடி ஓடு, செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துச் செய்யப்படுவது. இது ஈரத்தைச் சிறிதளவு மூச்சுவிட அனுமதிக்கிறது, காலுக்கு இதமானது. உப்பு நிறைந்த மண்ணில் மட்டும் மேற்பரப்பில் வெண்படலம் தோன்றக்கூடும். சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டுத் தரையும் இதே இயல்புடையது. இதற்குத் தேர்ந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதே குறை. கடப்பா, கோட்டா, கிரானைட்டுக் கற்களும் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும்; 2 செ.மீ. கனமும் அடியில் காரையும் சேர்ந்து உயரத்தைத் தின்பவை. பளிங்கு ஈரத்தில் மஞ்சளாகக் கறைபடியும்.

லேமினேட் பலகைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. ஈரத்தில் விளிம்புகள் உப்பி எழும். ஒருமுறை உப்பினால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பா. அவற்றின் அடியிலுள்ள இருட்டும் ஈரமும் கறையானுக்கு ஏற்ற இடம். நிறுத்துமிடத் தளத்தின்மேல் இவற்றைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் எதுவும் இல்லை. வினைல் பலகைகள் நீரில் கெடுவதில்லை, பசைதான் கெடுகிறது. பசையின்றிக் கொளுவிப் பொருத்தும் வகை ஓரளவு ஏற்கத்தக்கது. அடியில் சேறு புகுந்தால் முழுவதையும் கழற்றவேண்டும். எப்பாக்சி பூச்சு காருக்குச் சிறந்தது. அறைக்கும் அதுவே போதும் என்று எண்ணுவோர் உளர். ஈரத்தடுப்பற்ற தளத்தில் ஈரமும் உப்பும் அடியிலிருந்து அழுத்தி, பூச்சைக் கொப்புளங்களாக எழுப்பும்.

பரப்பைத் தயார்செய்தல்

நிறுத்துமிடத் தளத்தில் எஞ்சின் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் ஊறிய இடத்தில் காரையோ பசையோ பற்றாது. சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவிய பின், அவ்விடத்தில் சில நீர்த்துளிகளைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் பரவி உறிஞ்சப்பட்டால் பரப்பு ஆயத்தம். முத்துப்போல உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளது. அப்பகுதியைக் கொத்தி அகற்றிப் புதுக்காரை இடவேண்டும். வழவழப்பான சிமெண்டுப் பூச்சையும் முழுவதும் கொத்திவிடுவது வழக்கம்.

கறையான் தடுப்பை இக்கட்டத்திலேயே செய்யவேண்டும். முன்பே கட்டிய கட்டடங்களுக்கான ஐ.எஸ். 6313 சீர்தரத்தின் மூன்றாம் பகுதிப்படி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ. இடைவெளியில் துளைகள் இட்டு மருந்து செலுத்தப்படுகிறது. ஈரத்தடுப்பு விரித்த பின் துளையிட்டால் விரிப்பு கிழியும் என்பது வெளிப்படை; எனினும் வேலை வரிசை மாறி இத்தவறு நிகழ்வதுண்டு.

விட்ரிஃபைடு ஓடுகளுக்கு ஐ.எஸ். 15477 சீர்தரத்துக்கு உட்பட்ட ஒட்டுப்பசையைப் பயன்படுத்தவேண்டும். ஓட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் கரண்டியால் குவியல் வைத்து ஒட்டும் பழக்கம் தவறானது. குவியல்களுக்கு இடையே வெற்றிடம் நிற்கும். அங்கு நீர் தேங்கும். கனமான பொருள் விழுந்தால் ஓடு உடையும். பல்வரிக் கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுக்கவேண்டும். ஓடுகளுக்கிடையே 2–3 மி.மீ. இடைவெளியும், சுவரோரம் ஸ்கர்ட்டிங்கால் மறையும்படி 6 மி.மீ. அளவு இடைவெளியும் விடுவது அவசியம். இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டிய ஓடுகள், சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் வெடியோசையோடு கூடாரம்போல் எழும்புவதற்குக் காரணம் விரிவடைய இடமின்மையாகும்.

வழுக்கல்

பளபளப்பான ஓடு கடையில் கவர்ச்சியாகத் தோன்றும். ஈரப்பாதத்தோடு நடக்கும் முதியவருக்கு அது இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். ஓடுகளின் வழுக்காமை, செருமனியில் தோன்றிய முறையில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை வகைப்படுத்தப்படுகிறது. எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். முதியோர் அறைக்கு ஆர் 10, அதனோடு சேர்ந்த குளியலறைக்கு ஆர் 11 என்று கேட்டு வாங்கலாம். அட்டைப்பெட்டியில் இக்குறியீடு இல்லாவிட்டால், மாதிரி ஓட்டின்மேல் நீர் ஊற்றி விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது ஓரளவு உதவும். மங்கிய பரப்புள்ள ஓடுகளில் அழுக்கு எளிதில் படியும் என்ற குறை உண்மையானதே.

தரையை உயர்த்துவதால் வாயிலில் படி உருவாகும். சக்கர நாற்காலிக்கு உரிய சரிவு 12 க்கு 1 ஆகும். 30 செ.மீ. உயர்ந்த தரைக்கு இது 3.6 மீட்டர் நீளமான சரிவுப் பாதையைக் கோருகிறது. சிறிய மனையில் அந்நீளம் வாயிற்கதவைத் தாண்டித் தெருவில் இறங்கிவிடும். அத்தகைய வீடுகளில் பாதையை மதில் ஓரமாக மடித்து இரண்டு பகுதிகளாக அமைக்கின்றனர்.